ஸ்டைல் கமென்ட் வந்துவிட்டது, இனி என்ன? கெர்னல் பேட்ச்சுக்கு ஐந்து வழிகள்

சென்சாரை இயக்க நீங்கள் எழுதிய டிரைவர் மென்பொருள் ஓடுகிறது, சென்சார் கடல்நீரின் வெப்பநிலையைச் சரியாகவே காட்டுகிறது. லினக்ஸ் கெர்னலில் (இயக்க முறைமையின் மையக் கோடில்) சேர்க்கச் சொல்லி பேட்ச்சை, அதாவது கோடு மாற்றத்தை, மெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பதில் வருகிறது. ஓடுகிறதா இல்லையா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இந்த வேரியபிளை மேலே தூக்கு, இந்த பிரேஸ் (சுருள் அடைப்பு) தேவையில்லை, இந்த வரி நீளம், இந்த எண்ணுக்கு ஒரு பெயர் வை. இப்படி ஒரு பட்டியல். கோடு எழுதிய நடையைப் பற்றிய இதுதான் ஸ்டைல் கமென்ட்.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்தில் லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்பத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் அதிகம் கேட்பது இந்த இடத்தைப் பற்றித்தான். சிலர் கல்லூரியில் படிக்கிறவர்கள், சிலர் படகுகளுக்கு ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் பொருத்தும் பட்டறைகளில் வேலை பார்க்கிறவர்கள். சொன்னதை எல்லாம் அப்படியே செய்யணுமா, எதிர்த்துப் பேசலாமா, "அடுத்த பேட்ச்சில் செய்கிறேன்" என்றால் தப்பா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைத் தேடிப் பிடிக்க வழி இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

சொன்னது யார்? அந்தப் பகுதியின் மெயின்டெய்னரா, பக்கத்தில் நின்று பார்க்கும் இன்னொரு ரிவ்யூவரா, தானியங்கி பாட்டா? பேட்ச்சை உள்ளே எடுப்பவர் மெயின்டெய்னர். பல வருஷம் கழித்து நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் அந்த ஃபைலைக் கட்டி அழப்போகிறவரும் அவர்தான். அவருடைய ரசனைக்கு ஒரு எடை கூடுதலாகவே உண்டு. மற்ற ரிவ்யூவர் சொன்னதை மெயின்டெய்னர் மறுக்காமல் இருந்தால், அவரும் ஒத்துக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விதி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பலருக்குக் குழப்பம். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணத்தில் எழுதியிருப்பது ஒரு அடுக்கு: டேப் என்றால் எட்டு எழுத்து அகலம், ஃபங்ஷனின் திறப்பு பிரேஸ் அடுத்த வரியில், மற்றவற்றுக்கு அதே வரியில், ஒற்றை வரி இஃப்-க்கு பிரேஸ் வேண்டாம், ஆனால் எல்ஸ் பக்கத்துக்கு பிரேஸ் இருந்தால் இரண்டுக்கும் வை. அதற்கு மேல் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வழக்கம் உண்டு. நெட்வொர்க் பகுதியில் உள்ளூர் வேரியபிள்களை நீளமான வரி மேலே, குட்டை வரி கீழே என்று அடுக்கணும். தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். அது பொது ஆவணத்தில் இல்லை, நெட்வொர்க்காரர்கள் தங்களுக்கென்று எழுதி வைத்திருக்கும் ஆவணத்தில் இருக்கிறது. மூன்றாவது அடுக்கு, அந்த ஒரு ஃபைலின் பழக்கம். கடைசியில் தனிப்பட்ட ரசனை. வந்திருக்கும் கமென்ட் இந்த நான்கில் எது என்று தெரியாமல் பதில் எழுத உட்காராதீர்கள்.

யார் எழுதிய வரி? உங்கள் பேட்ச் புதிதாகச் சேர்க்கும் வரியா, முன்பே அங்கே இருந்ததா?

பிழைத்திருத்தமா, புது வசதியா? பிழைத்திருத்தம் என்றால் அது பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் (ஏற்கெனவே வெளியாகி, திருத்தங்களை மட்டும் பெறும் பதிப்புகள்) போகக்கூடும். அங்கே வெறும் இடைவெளி, எழுத்துப்பிழைத் திருத்தங்களுக்கு இடமில்லை என்று விதியே இருக்கிறது.

நேரம் என்ன? புது மாற்றங்களைக் கெர்னலில் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரம் மெயின்டெய்னர்களுக்குத் தலைக்கு மேல் வேலை.

## வழி 1: சொன்னதைச் செய்து வி2 அனுப்புவது

வி2 என்றால் பேட்ச்சின் திருத்திய இரண்டாம் பதிப்பு. சந்தேகம் வந்தால் இதுதான். நீங்கள் எழுதிய வரி, ஆவணத்திலோ பகுதி வழக்கத்திலோ உள்ள விதி, சொன்னவர் மெயின்டெய்னர் என்றால் யோசிக்க ஒன்றுமே இல்லை, செய்துவிடுங்கள். விவாதத்தில் போகும் நேரத்தில் மூன்று தடவை மாற்றி எழுதிவிடலாம்.

ஆனால் இதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு.

ஒன்று, "ஸ்டைல் மட்டும்தானே மாற்றினேன்" என்று சோதிக்காமல் அனுப்புவது. மூன்று அடுக்கு உள்ளே போன இஃப்-ஐத் தட்டையாக்கச் சொல்வார்கள். நிபந்தனையைத் தலைகீழாக்கிச் சீக்கிரமே ரிட்டர்ன் செய்வீர்கள். அங்கே ஒரு லாக்கை (பூட்டை) விடுவிக்காமல் வெளியே வந்துவிட்டால் ஸ்டைல் திருத்தம் நிஜமான பக் ஆகிவிடும். வெறும் இடைவெளி, வரிப்பிரிப்பு மாற்றம் என்றால் முன்னும் பின்னும் உள்ள ஆப்ஜெக்ட் ஃபைலை (கம்பைல் ஆன கோடு) ஆப்ஜ்டம்ப் கருவியில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வரி எண்ணைப் பயன்படுத்தும் மேக்ரோக்கள் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நிபந்தனையைத் தொட்டிருந்தால் சென்சாரைத் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு, அவசரம். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் கோடைக்காலத்தில் நமக்குப் பகல் பன்னிரண்டரை. அமெரிக்க மேற்குக் கரையில் ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. பத்து மணிக்கு வந்த கமென்ட்டுக்குப் பதினொன்றுக்கு வி2 போட்டால், மற்ற ரிவ்யூவர்கள் இன்னும் வி1-ஐப் படித்துக்கொண்டிருப்பார்கள். நெட்வொர்க் பகுதியில் 24 மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்பாதே என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் அதைவிடக் கூடுதலாகப் பொறுப்பதே நல்லது.

மூன்றாவதுதான் பெரியது: பாதியைச் செய்து மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது. கீழக்கரையில் ஒரு தம்பியோடு நடந்த பேச்சு இது (காக்கா என்றால் அங்கே அண்ணன்).

"காக்கா, அவர் சொன்ன எல்லாத்தையும் செஞ்சிட்டேன். அந்த ஃபங்ஷன் பேரை மட்டும் மாத்தலை."

"ஏன் மாத்தலைன்னு எழுதினியா?"

"இல்லை. பேரு நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்குன்னு உனக்குத் தெரியுது. அவருக்கு நீ படிக்கவே இல்லைன்னுதான் தெரியும்."

ரிவ்யூவர் இரண்டாம் முறை அதே கமென்ட்டை எழுத வேண்டிவந்தால் மூன்றாம் முறை எழுத மாட்டார். உங்கள் பேட்ச் அப்படியே கிடக்கும், காரணமும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கமென்ட்டுக்கும் அதன் அடியிலேயே ஒரு வரி: செய்கிறேன், அல்லது இதனால் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே மொத்தமாக ஒரு பதிலை ஏற்றி வைப்பது அங்கே யாருக்கும் பிடிக்காது. "மதிப்பிற்குரிய ஐயா" பாணியும் வேண்டாம். பெயரைச் சொல்லி எழுதுவது அவர்களிடம் மரியாதைக் குறைவாகாது. நன்றி ஒரு தடவை போதும்.

வி2-வில் என்ன மாறியது என்பதை மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள், அந்தப் பகுதி கமிட் வரலாற்றில் ஏறாது. யாராவது ஏற்கெனவே "ரிவ்யூடு-பை" (பார்த்தேன், சரி என்னும் குறிப்பு) கொடுத்திருந்தால், மாற்றம் சின்னதாக இருக்கும்வரை அதைச் சேர்த்தே அனுப்பலாம். ஃபங்ஷனையே புரட்டிப்போட்டிருந்தால் எடுத்துவிட்டு, எடுத்ததையும் அங்கே சொல்லிவிடுங்கள்.

## வழி 2: காரணம் சொல்லி மறுப்பது

புதியவர்கள் பயப்படும் வழி இது, ஆனால் பயம் தேவையில்லை. ஸ்டைல் மீறல்களைத் தேடிச் சொல்லும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் ஒரு வழிகாட்டி மட்டும்தான், விதியை மீறினால்தான் கோடு படிக்க நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடு என்று பேட்ச் அனுப்பும் ஆவணமே சொல்கிறது. மீதமிருக்கும் மீறல்களுக்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை.

மறுப்பு செல்லுபடியாகும் இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். முதலாவது பிழைச் செய்தி. சென்சார் பதில் சொல்லாதபோது கெர்னல் லாகில் (பதிவேட்டில்) எழுதும் ஒரு வாக்கியம் எண்பது எழுத்தைத் தாண்டிவிட்டது, அதை இரண்டாக உடைக்கச் சொல்கிறார் ரிவ்யூவர். உடைக்கக் கூடாது. பயனர் கண்ணில் படும் ஸ்டிரிங்கை உடைத்தால் பிறகு கிரெப் போட்டுத் தேடும்போது கிடைக்காது என்று ஸ்டைல் ஆவணமே சொல்கிறது. தொண்டியில் நிற்கும் படகிலிருந்து ஒருவர் போட்டோ எடுத்து அனுப்பும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் கோடில் எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்கப் போகிறீர்கள். அந்தப் பத்தியைக் குறிப்பிட்டு மரியாதையாக இரண்டு வரி எழுதினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, காலிபரேஷன் அட்டவணை. ஒரு வரிசைக்கு எட்டு எண்கள், நெடுக்கில் பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வரி 94 எழுத்து. எண்பதுக்குள் கொண்டுவா என்கிறார். 80 என்பது இன்றும் ஆவணத்தில் விரும்பத்தக்க அளவு. செக்பேட்ச் எச்சரிக்கும் அளவு மட்டும் 2020-இல் 100 ஆனது. படிக்க வெகுவாக உதவுகிறது, எதையும் மறைக்கவில்லை என்றால் 80-ஐத் தாண்டலாம் என்றும் ஆவணம் இடம் தருகிறது. உடைத்தால் டேட்டாஷீட்டோடு கண்ணால் ஒப்பிட முடியாமல் போகும் என்பது நல்ல காரணம். "செக்பேட்ச் ஒன்றும் சொல்லவில்லையே" என்பது மோசமான காரணம், அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மறைந்த செலவு இங்கே காலம். கேள்வியும் பதிலுமாகச் சில நாள் ஓடிவிடும். இன்னொன்று, மறுத்து ஜெயித்தாலும் வேலை முடிவதில்லை: ரிவ்யூவருக்கு வந்த அதே சந்தேகம் அடுத்து படிப்பவருக்கும் வரும். ஆகவே கோடை மாற்றாவிட்டாலும் ஒரு கமென்ட் வரியாவது, கமிட் செய்தியில் ஒரு வாக்கியமாவது சேருங்கள். மெயின்டெய்னர் உங்கள் காரணத்தைக் கேட்ட பிறகும் "எனக்கு இப்படித்தான் வேணும்" என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேஸுக்காகவும் காலி வரிக்காகவும் மூன்றாம் சுற்று போன யாரும் எனக்குத் தெரிந்து எதையும் சம்பாதித்ததில்லை.

## வழி 3: பழைய கோடின் குறைக்குத் தனி பேட்ச்

நீங்கள் தொடும் ஃபைலே பழையது, ஏதோ ஒரு காலத்து நடையில் எழுதியது. நீங்கள் அதே நடையில் நான்கு வரி சேர்த்தீர்கள், செக்பேட்ச் கத்துகிறது. அல்லது புது நடையில் சேர்த்தீர்கள், "ஃபைலோடு ஒட்டவில்லை" என்கிறார் ரிவ்யூவர்.

நம் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பாருங்கள். ஐம்பது மில்லிமீட்டர் கண்ணி வலையில் கிழிசல் விழுந்தால் ஐம்பதிலேயேதான் பொத்துவார்கள், நாற்பதுதான் நல்லது என்று அந்த இடத்தில் மட்டும் நாற்பது போட மாட்டார்கள். ஃபைலும் அப்படியே. சுற்றியுள்ள கோடோடு ஒத்துப்போங்கள். முழு வலையையும் மாற்றணும் என்றால் அது தனி வேலை, தனி பேட்ச்.

ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாற்றம் என்பது கெர்னலில் கண்டிப்பு. பக் திருத்தமும் இடைவெளித் திருத்தமும் ஒரே பேட்ச்சில் இருந்தால் ரிவ்யூவருக்கு எது எது என்று தெரியாது. கோடை ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போதுகூட அதே பேட்ச்சில் அதைத் திருத்தாதே என்பார்கள். ஆகவே சீரிஸாகப் பிரியுங்கள்.

வரிசையும் முக்கியம். பக் திருத்தம் இருந்தால் அது முதல் பேட்ச், சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. தலைகீழாகப் போட்டால் ஸ்டேபிள் கெர்னலுக்கு எடுப்பவர்கள் உங்கள் சுத்தப்படுத்தலையும் சேர்த்துச் சுமக்கணும், அல்லது முரண்பாட்டைக் கையால் தீர்க்கணும். புது வசதிதான் சேர்க்கிறீர்கள் என்றால் சுத்தம் முன்னால் வரலாம், அதன்மேல் வசதியைக் கட்டுவது எளிது.

இதன் செலவு வெளியே தெரியாது. இன்றைக்கு நீங்கள் இடைவெளி மாற்றிய வரியில், நாளைக்கு பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பவருக்கு உங்கள் பெயர்தான் முதலில் வரும். உண்மையில் அந்த லாஜிக்கை யார், ஏன் எழுதினார்கள் என்று தெரிய ஒரு படி பின்னால் போகணும். அதனால்தான் வேறு வேலை எதுவும் இல்லாமல் வெறும் செக்பேட்ச் எச்சரிக்கைகளைச் சரிசெய்யும் பேட்ச்களை நெட்வொர்க் பகுதியில் ஊக்குவிப்பதில்லை. பழகுவதற்காக வெறும் ஸ்டைல் பேட்ச் அனுப்ப ஆசை என்றால் ஸ்டேஜிங் டிரைவர்கள் (இன்னும் தரம் எட்டாதவை) இருக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே அது வரவேற்கப்படும்.

## வழி 4: "பிறகு செய்கிறேன்"

மெயின்டெய்னர்கள் இதை நிறையக் கேட்டிருக்கிறார்கள், பிறகு வராதவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் சொந்த வரிகளுக்கு இந்தப் பதில் எடுபடாது.

சரிப்படும் சூழல் ஒன்றே ஒன்று: கமென்ட் உங்கள் பேட்ச் தொடாத பழைய கோடைப் பற்றியது, உங்கள் பேட்ச் ஸ்டேபிளுக்குப் போகவேண்டிய சிறிய திருத்தம். அப்போது "இந்தத் திருத்தத்தைச் சின்னதாக வைத்திருக்கிறேன், மற்றதைத் தனியாக அனுப்புகிறேன்" என்பது நியாயமான பதில். சொன்னால் அனுப்பணும். அடுத்த டிரைவரோடு வரும்போது அந்தப் பெயரை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

## வழி 5: முழு ஃபைலையும் கருவியிடம் ஒப்படைப்பது

கெர்னலில் 2018 முதல், கோடைத் தானாக அடுக்கித் தரும் கிளாங்-ஃபார்மட் கருவிக்கான அமைப்புக் கோப்பு இருக்கிறது. செக்பேட்ச்சிலேயே தானாகத் திருத்தும் வசதியும் உண்டு. நீங்களே தொடங்கும் புது ஃபைலுக்கு ஓட்டுங்கள், பிறகு கண்ணால் பாருங்கள், மேலே சொன்ன அட்டவணையை அது பிய்த்துப் போட்டிருக்கக்கூடும். பழைய ஃபைலின்மேல் ஓட்டினால் நான்கு வரி பேட்ச் நானூறு வரி ஆகும். அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

செக்பேட்ச் சொல்வதில் மூன்று தரம் உண்டு: எரர் என்றால் பெரும்பாலும் தப்பு, வார்னிங் என்றால் கவனமாகப் பார், செக் என்றால் யோசி. எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டு பூஜ்யம் ஆகும்வரை துரத்துவது புதியவர்களின் வியாதி. அதேபோல, பாட் பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பி வைப்பதும் கூடாது. ஸ்கிரிப்டை உங்கள் மெஷினிலேயே ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது நல்லது | மறைந்த செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| செய்துவிடுவது | உங்கள் வரி, எழுதப்பட்ட விதி, மெயின்டெய்னர் சொன்னது | மறுசோதனை, அவசர வி2 | மாற்றினால் கோடு நிஜமாகவே கெடும்போது |
| மறுப்பது | உடைந்தால் தேடமுடியாத ஸ்டிரிங், அட்டவணை | சில நாள் தாமதம் | ரசனை மட்டுமே காரணமாக இருந்தால் |
| தனி பேட்ச் | பழைய கோடின் குறை, அங்கே வேறு வேலையும் இருக்கிறது | சீரிஸ் நீளும், பிளேம் மங்கும் | நெட்வொர்க் பகுதியில் வெறும் சுத்தத்துக்காக |
| பிறகு | நீங்கள் தொடாத வரி, சிறிய பக் திருத்தம் | வாக்குக் கடன் | சொந்த வரிகளுக்கு |
| கருவி | புத்தம்புது ஃபைல் | கையால் சரிபார்ப்பு | பழைய ஃபைல் முழுக்க |

## பட்டறைக்காரர்களுக்குத் தனியாக

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். எலெக்ட்ரானிக்ஸ் மாற்றும் வேலையெல்லாம் அப்போதுதான். அதற்குள் டிரைவர் மெயின்லைனில் (அதிகாரபூர்வ கெர்னலில்) ஏறிவிடணும் என்று மே மாதம் கமென்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அது நடக்காது. கெர்னல் ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு ஒன்பது, பத்து வாரம் எடுத்துக்கொள்கிறது. புது டிரைவர் பெரும்பாலும் மெர்ஜ் விண்டோவில்தான் ஏறும், விண்டோ திறக்கும் முன்பே மெயின்டெய்னரின் மரத்தில் (அவருடைய கோடுக் களஞ்சியத்தில்) இருந்திருக்கணும். தடைக்காலத்தில் ஏற்கப்பட்ட பேட்ச், படகுகள் கடலுக்குப் போன பிறகே ஒரு வெளியீட்டில் வரும்.

ஆகவே படகில் போகும் போர்டுக்கு டிரைவரைத் தனி மாட்யூலாகக் கட்டி ஏற்றிவிடுங்கள். மெயின்லைன் பேட்ச்சை அதன் போக்கில் விடுங்கள். அவசரம் போய்விட்டால் வழி 1-ஐ நிதானமாகச் செய்யலாம், வழி 4-இன் ஆசையும் வராது. பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டுங்கள், மெர்ஜ் விண்டோ நேரத்தில் அதைவிடக் கூடுதலாக. பல பேட்ச் கொண்ட சீரிஸ் என்றால் வி2-வைப் பழைய கடிதத்தின் பதிலாகக் கோர்க்காமல் புதிதாகவே அனுப்புங்கள்.

சில நேரம் இந்த ஐந்தில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியே வராது. "சின்னத் திருத்தங்களை நானே செய்து எடுத்துக்கொண்டேன்" என்று மெயின்டெய்னர் எழுதுவார். சந்தோஷப்பட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடாதீர்கள். அவருடைய மரத்தை இறக்கி, உங்கள் பேட்ச்சுக்கும் அவர் ஏற்றியதற்கும் என்ன வித்தியாசம் என்று டிஃப் போட்டுப் பாருங்கள். எந்தக் காலி வரியை எடுத்தார், எந்தப் பெயரைச் சுருக்கினார் என்று தெரியும். அடுத்த பேட்ச்சை உங்கள் பழைய கிளையில் கட்டாமல் அந்த மரத்தின்மேல் கட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் கைப்படத் திருத்தியதையே நீங்கள் திரும்ப மாற்றி அனுப்பியது போல் ஆகும்.